லேமினேஷன் போட்ட ஒரிஜினல்

பிள்ளைகளா, இங்கிலீஷில் இருந்து வந்த எல்லா வார்த்தைகளையும் நான் குறை சொல்லவில்லை. பஸ், சைக்கிள், டீ, டார்ச் எல்லாம் நல்ல வார்த்தைகள். சொன்னால் சொன்ன பொருள் வந்து நிற்கும். ஆனால் 'ஒரிஜினல்' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது போன வருடம் ஜூன் மாதத்தில் ஒரு பகல் முழுக்க ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. நாளைக்கு உங்களிடமும் யாராவது ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு "ஒரிஜினல் எங்கே?" என்று கேட்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். இருபது வருடமாக ராஜபாளையத்தில் ஒரு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். காலையில் கடை திறந்ததிலிருந்து அடைக்கும் வரை என் வாயில் அதிகம் வருகிற வார்த்தை எது என்று கேட்டால், இதுதான். ஒருவர் வந்து பிரேக் ஷூ கேட்பார். "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" என்று கேட்பேன். இந்தக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை. சேத்தூரிலிருந்து வருகிற ஒரு விவசாயி எப்போதும் சொல்வார், "பொருளு ஒரிஜினலா இருக்கட்டும் தம்பி, விலை மட்டும் டூப்ளிகேட்டா இருக்கட்டும்." அவருக்காகவே செய்தது போல 'ஒரிஜினல் மாதிரி' என்று ஒரு ரகமும் கம்பெனிக்காரர்கள் அனுப்புகிறார்கள். அட்டைப் பெட்டி அப்படியே இருக்கும். மினுமினுக்கிற ஸ்டிக்கர்கூட இருக்கும். ஆனால் கையில் எடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும். கனம் பார்ப்பேன், விளிம்பைத் தடவுவேன், முகர்ந்தும் பார்ப்பேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் கிளட்ச் பிளேட்டில் எது ஒரிஜினல் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது.

கடையை விட்டு வெளியே வந்தால் அந்த மிதப்பெல்லாம் செல்லாது. வெளியூர்க்காரர்கள் நம்ம ஊருக்கு வந்ததும் முதலில் கேட்பது, "ஒரிஜினல் ராஜபாளையம் நாய் எங்கே கிடைக்கும்?" என்றுதான். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு இருந்தால் ஒரிஜினல் என்பார் ஒருவர். அது மட்டும் போதாது, காது மடங்கி இருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். நாயிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வரைக்கும் பால்கோவாக் கடைகள். அதில் பாதிக்கு மேல் 'ஒரிஜினல்' என்றுதான் போர்டு வைத்திருக்கிறார்கள். ஒரு கடைக்காரரிடம் ஒருமுறை வாய்விட்டே கேட்டேன், பக்கத்துக் கடையிலும் அப்படித்தானே எழுதியிருக்கிறது என்று. அவர் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே, "அவுக போர்டு எங்களைப் பாத்து எழுதுனது. எங்க போர்டுதான் ஒரிஜினல்" என்றார்.

எங்கள் தெருவில் உடன்பிறந்த தங்கைக்கு 'ஒரிஜினல் தங்கச்சி' என்று பெயர். சித்தி மகளாக இருந்தால் வெறும் தங்கச்சி. கோபத்தில் ஒருவன் நாலு வார்த்தை பேசிவிட்டால், 'ஒரிஜினல் புத்தியைக் காட்டிட்டான்' என்பார்கள். அவன் அதுவரைக்கும் பத்து வருடமாக அமைதியாக இருந்ததெல்லாம் டூப்ளிகேட் கணக்கில் போய்விடும். என் மகளின் அகராதியை எடுத்துப் பார்த்தேன். முதன்முதலில் இருந்தது என்று ஒரு பொருள் போட்டிருக்கிறது. நகல் எடுக்காதது என்று இன்னொன்று. யாரும் யோசிக்காததைப் புதிதாக யோசிப்பது என்று மூன்றாவதாக ஒன்று. எல்லாவற்றிலும் பழசும் அதே வார்த்தை, எல்லாவற்றிலும் புதுசும் அதே வார்த்தை என்றால், என்னைப் போல ஒருவன் எதைப் பிடித்துக்கொள்வது? அகராதியை மூடி வைத்துவிட்டேன்.

இனி அந்த ஜூன் மாதப் பகலுக்கு வருகிறேன்.

என் மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். கணக்கு என்றால் அவளுக்கு உயிர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது. அவளுக்குக் கீழே காத்திருப்போர் பட்டியல். அன்று மாலை நாலு மணிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டிச் சேர்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று போனில் செய்தி வந்திருந்தது.

நான் கவலைப்படவே இல்லை. சான்றிதழ் விஷயத்தில் நான் அவ்வளவு ஒழுங்கு. மே மாதம் பள்ளிக்கூடத்தில் டி.சி. கொடுத்த அன்றைக்கே, அதாவது மாற்றுச் சான்றிதழைக் கொடுத்த அன்றைக்கே, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய் கனமான பிளாஸ்டிக்கில் லேமினேஷன் போட்டுவிட்டேன். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, எலி கடித்தாலும் பல்தான் போகும். வீட்டில் எல்லாச் சான்றிதழுக்கும் அப்படித்தான். சாதிச் சான்றிதழ் இப்போது கம்ப்யூட்டரில் வருகிறது, எத்தனை முறை பிரிண்ட் எடுத்தாலும் எல்லாம் ஒன்றுதான் என்று இ-சேவை மையத்துப் பெண் சொல்லத்தான் செய்தாள். என் மனசு கேட்கவில்லை. முதலில் வந்த தாளை லேமினேஷன் போட்டு ஒரிஜினல் என்று வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் ஜெராக்ஸ் என்று தனியாகக் கட்டி வைத்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "அம்புட்டையும் கண்ணாடிக்குள்ள அடைச்சிட்டீக. நம்ம கல்யாணப் போட்டோவுக்கு இப்படி ஒரு சட்டம் போட்டீகளா?" என்று கேட்டாள்.

பத்தரை மணிக்குக் கல்லூரி அலுவலக ஜன்னல் முன் நின்றோம். உள்ளே ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், கண்காணிப்பாளர் என்று மேசையில் பலகை இருந்தது. ஒவ்வொரு தாளாக வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்தவர், டி.சி.யைக் கையில் எடுத்ததும் நிறுத்திவிட்டார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இது ஒரிஜினலா சார்?"

இருபது வருடமாக நான் மற்றவர்களிடம் கேட்கிற கேள்வியை அன்று என்னிடம் ஒருவர் கேட்டார். ஒரிஜினல்தான், பள்ளிக்கூடத்தில் என் கையில் கொடுத்தது, அன்றைக்கே போட்ட லேமினேஷன் என்று விளக்கினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. கலர் ஜெராக்ஸ் எடுத்து மேலே பிளாஸ்டிக் போட்டாலும் இதே மாதிரிதான் இருக்கும், மையைத் தொட்டுப் பார்க்க முடியாது என்றார். அதோடு மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள், டி.சி. மட்டும் கல்லூரியிலேயே இருக்கப் போகிறது, பின்பக்கம் சேர்க்கை எண் எழுதி, சீல் குத்தி, ஓட்டை போட்டு, கோப்பில் சேர்க்க வேண்டும். "பிளாஸ்டிக் மேல சீல் குத்துனா விரலோட வந்திரும். நான் எங்க எழுதட்டும்?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. தப்பு இல்லாத ஆளிடம் கோபப்படவும் முடியாமல் நிற்பது இருக்கிறதே, அதைவிடப் பெரிய எரிச்சல் கிடையாது.

"நாலு மணி வரைக்கும் இருக்கேன். ஒரிஜினலை ஒரிஜினலாக் கொண்டு வாங்க" என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எதிரே பெஞ்சில் ஒரு அம்மாவும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். மகாராஜபுரத்திலிருந்து வந்தவர்கள். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அந்தப் பெண். அந்த அம்மா மடியில் ஒரு மஞ்சள் பை. நடந்ததையெல்லாம் அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் டி.சி. திரும்பி வந்ததும் அந்த அம்மா மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். அவ்வளவுதான் செய்தார். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

மகளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு ராஜபாளையத்துக்கு வண்டியை எடுத்தேன். நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பிளாஸ்டிக்கை உரித்துவிட்டால் உள்ளே இருப்பது ஒரிஜினல்தானே என்று தோன்றியது. பழைய கேஸ்கெட் அட்டை இஞ்சினில் ஒட்டிக் காய்ந்து கிடப்பதைக் கீறல் விழாமல் உரித்து எடுக்கிற கை என் கை. ஒரு தாளை உரிக்க முடியாதா?

ஜெராக்ஸ் கடைக்காரர் பார்த்ததுமே தலையை ஆட்டினார். "அண்ணே, இது சூட்டுல ஒட்டுனது. சூட்டுலதான் வரும். ஆனா வாரப்ப கூட என்னத்தக் கொண்டு வரும்னு சொல்ல முடியாது. பொறவு என்னையச் சொல்லக் கூடாது."

செத்த நேரம் அவர் யோசித்திருந்தாலோ, நான் யோசித்திருந்தாலோ நன்றாக இருந்திருக்கும். மெஷினில் இன்னொரு முறை சூடாக விட்டு எடுத்துக் கொடுத்தார். ஒரு மூலையில் பிளேடால் கீறி இழுத்தேன். முதல் இரண்டு விரல்கடை அழகாக வந்தது. பார்த்தீர்களா என்பது போல அவரைப் பார்த்தேன். அடுத்த இழுப்பில் கீழ்ப்பகுதி மொத்தமும் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. தலைமையாசிரியை பச்சை மையில் போட்ட கையெழுத்து தாளில் இல்லை. பிளாஸ்டிக்கில் இடம் வலமாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட சீல் பாதி அங்கே, பாதி இங்கே.

கடைக்காரர் அடுத்து நின்றவருக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டார்.

காலையில் என் கையில் இருந்தது ஏற்றுக்கொள்ளாத ஒரிஜினல். இப்போது அதுவும் இல்லை. பாதுகாத்தும் நான்தான் கெடுத்தேன், சரிசெய்தும் நான்தான் கெடுத்தேன். கையில் ஒரு தாள், ஒரு பிளாஸ்டிக், இரண்டையும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். மணி ஒன்று. அலுவலகத்தில் எழுத்தர் மட்டும் இருந்தார். தலைமையாசிரியை கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றார். எங்கே என்று கேட்டேன்.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான். சாயங்காலம் ஆகும்."

நான் எங்கிருந்து வந்தேனோ அங்கே. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தலைமையாசிரியைக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தார். எழுத்தர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். மகளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது, அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, எங்க இருக்கீக?"

பள்ளிக்கூடத்தில் என்றேன். உரித்ததைப் பற்றிச் சொல்லவில்லை.

"அங்கனயே இருங்க. நான் எங்க கிளாஸ் மிஸ்ஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ஹெச்.எம். இங்கதான் மீட்டிங்ல இருக்காகன்னு சொன்னாக. நடந்து வந்துட்டேன். சாப்பிட வெளிய வந்தப்ப பிடிச்சிட்டேன். டி.சி.யைக் கொண்டு வந்து குடுத்தா புதுசு தாரேங்காக. ஒரிஜினல் உங்ககிட்டதானப்பா இருக்கு?"

"இருக்கு தாயி" என்றேன். "ரெண்டா இருக்கு."

அவள் போனைத் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டாள். அவர் என்னிடம் பேசாமல் எழுத்தரைக் கேட்டார். எழுத்தர் எழுந்து நின்று பேசினார். கம்ப்யூட்டரில் என் மகளின் பெயரைத் தேடி எடுத்துப் புதிதாக ஒரு தாள் பிரிண்ட் போட்டார். வட்ட சீலைக் குத்தினார். கையெழுத்துக்கு இடம் விட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கையை நீட்டினேன். இருங்க என்று சொல்லி, மேசை டிராயரிலிருந்து இன்னொரு சீலை எடுத்து, சிவப்பு மையில் தொட்டு, தாளின் தலையில் ஓங்கிக் குத்தினார். 'டூப்ளிகேட்.'

கடையில் யாராவது தெரியாமல் டூப்ளிகேட் ரகத்தை என்னிடம் திருப்பிக்கொண்டு வந்து, ஒரிஜினல் என்று சாதித்தால் நான் சிரிப்பேன். இப்போது என் மகளின் படிப்பை அந்தச் சிவப்பு எழுத்தின் கீழே வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். இதைப் பார்த்ததும் ஜன்னல் அம்மா என்ன சொல்வார் என்று வழியெல்லாம் நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லிக்கொண்டு போனேன். எந்தப் பதிலும் சரியாக வரவில்லை.

கூட்டம் நடக்கிற கட்டடத்தின் வாசலில் மகள் நின்றிருந்தாள். சாப்பிட்டிருக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தலைமையாசிரியை வெளியே வந்தார். என் கையிலிருந்த பழைய தாளையும் பிளாஸ்டிக்கையும் வாங்கி, பிளாஸ்டிக்கை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"என் கையெழுத்தை நானே இப்பத்தான் பின்பக்கமாப் பாக்கேன்" என்றார். "யாரு சார் உங்களை லேமினேஷன் போடச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை, பத்திரமாக இருக்கட்டும் என்று நானாகத்தான் போட்டேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவர் என் வண்டி சீட்டில் தாளை வைத்துப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, காயட்டும் என்று தானே இரண்டு முறை ஊதி, என் கையில் கொடுக்காமல் என் மகள் கையில் கொடுத்தார்.

கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது மூன்றரை. பெஞ்சில் அந்த அம்மாவும் பெண்ணும் அதே இடத்தில் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

கண்காணிப்பாளர் தாளை வாங்கினார். விரலால் கையெழுத்தைத் தடவினார். பச்சை மை லேசாக விரலில் ஒட்டியது. அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, பின்பக்கம் திருப்பிச் சேர்க்கை எண்ணை எழுதத் தொடங்கினார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"மேடம், மேல டூப்ளிகேட்னு போட்டிருக்கே, பரவாயில்லையா?"

மகள் என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

"டூப்ளிகேட்தான் சார்" என்றார் அவர், எழுதிக்கொண்டே. "ஆனா ஒரிஜினல் டூப்ளிகேட். ஜெராக்ஸ் இல்லையே."

சீலை எடுத்துக் குத்தினார். ஓட்டை போட்டார். கோப்பில் நுழைத்துக் கயிற்றைக் கட்டினார். என் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலவும், அந்த ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், அவர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு அவர் பெஞ்சைப் பார்த்துக் கூப்பிட்டார். அந்தப் பெண் எழுந்து வந்தாள். இந்தப் பாடத்தில் இடம் நிரம்பிவிட்டது, யாராவது விலகினால் போன் செய்கிறோம், நம்பர் சரிதானா என்று பார்த்துக்கொள் என்றார். அந்தப் பெண் நம்பரைச் சரிபார்த்தாள். நான் காலையில் அந்த பிளாஸ்டிக்கோடு வராமல் இருந்திருந்தால், பத்தரை மணிக்கே இவர்களுக்கு விஷயம் தெரிந்து ஊருக்குப் போயிருப்பார்கள். என்னால்தான் நாள் முழுக்க நம்பிக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதை எப்படிச் சொல்லி வருத்தப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வாசலில் வண்டியை எடுக்கும்போது அந்த அம்மா பக்கத்தில் வந்தார். என் மகளைப் பார்த்து, நல்லாப் படி தாயி என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அண்ணே, எங்க பிள்ளை டி.சி.க்கும் கண்ணாடித் தாள் போட்டு வைக்கணும்னு எங்க வீட்டுல அவிய சொல்லிக்கிட்டே இருக்காக. போன் வந்தா மறுபடியும் கொண்டு வரணும்லா? போடவா, வேண்டாமா?"

"போட்றாதீகம்மா" என்றேன். "எந்தத் தாளுக்கும் போட்றாதீக. பைக்குள்ள இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

அவர் சரி என்று தலையாட்டி, மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.